ஆற்று மீனின் முகவரி: கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஐப்பசி மழை ஓய்ந்து ஓடைகள் தெளியும் நாட்களில் வெலிங்டன், ஜெகதளா, கேத்தி பக்கத்து விவசாயிகள் கவனித்திருப்பார்கள். ஒரு மடுவில் மீன் குஞ்சுகள் கூட்டமாக நிற்கும். அங்கிருந்து நூறு அடி கீழே போனால் ஒன்றுகூட இருக்காது. அதே ஓடை, அதே தண்ணீர். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

"நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ துண்டை விரிச்சாலே மீன் விழும், இப்போ காணோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் உண்டு. அப்போது எத்தனை வகை மீன் இருந்தது, எந்த ஆண்டிலிருந்து குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. யாரும் எழுதி வைக்கவில்லை.

மீன் எங்கே இருக்கும், ஏன் இருக்கும், ஒரு மீன் வந்தால் இன்னொரு மீன் ஏன் போகும் என்ற கேள்விகளுக்கு உலகின் பல நாடுகளில் இப்போது கணினியைக் கொண்டு விடை தேடுகிறார்கள். இந்த முறைக்கு 'இயந்திரக் கற்றல்' என்று பெயர். மலைச்சரிவில் ஓடைக்கரையில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் இதில் வேலை இருக்கிறது.

46 கிலோமீட்டரில் இரண்டு உலகம்

வெலிங்டன் வழியாக வரும் குன்னூர் ஆறு, மலை ரயில் பாதைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி மேட்டுப்பாளையம் பகுதியில் பவானியில் சேர்கிறது. பவானி போய்க் காவிரியில் விழுகிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோமீட்டர் ரயில் பாதையின் உச்சி 2,203 மீட்டர். வெலிங்டன் சுமார் 1,850 மீட்டர். குன்னூர் ஆற்றுத் தண்ணீர் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை மிகக் குறைந்த தூரத்தில் இறங்கிவிடுகிறது.

உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் காற்றின் வெப்பம் பொதுவாக ஆறு, ஆறரை டிகிரி கூடும். தண்ணீரும் அதற்கேற்பச் சூடாகும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கடல் மட்டத்தில் கணக்கிட்டால் 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் இது 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மேலே குளிர்ந்த, வேகமான, கல் நிறைந்த நீர். கீழே வெதுவெதுப்பான, மெதுவான, மணல் படிந்த நீர். மேலே இருக்கும் மீனுக்குக் கீழே மூச்சுத் திணறும். கீழே இருக்கும் மீனுக்கு மேலே இரை போதாது, இனப்பெருக்கம் நடக்காது.

உயரத்தோடு முடிவதில்லை. ஒரே இடத்திலேயே மடு, பாறை இடுக்கு, சலசலத்து ஓடும் மேலோட்டப் பகுதி, மரநிழல் என்று பல 'அறைகள்' உண்டு. கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் சிறு மீன்கள் வேகமான நீரில்தான் இருக்கும். அவற்றின் உடலமைப்பே அதற்கானது. ஆழமான மடுவை விரும்பும் கெண்டைகளை அங்கே தேடக்கூடாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முனைவர் எம். அருணாசலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் ஆழம், நீரின் வேகம், அடித்தளக் கல், கரை நிழல் ஆகியவற்றை அளந்து, எந்த அமைப்பில் எந்த மீன் கூட்டம் வாழ்கிறது என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. இத்தகைய அளவுகள்தான் கணினிக்குத் தீனி.

கணினி கற்றுக்கொள்ளும் விதம்

மாட்டுச் சந்தையில் அனுபவப்பட்டவர் மாடு பார்ப்பதை நினைத்துக்கொள்ளலாம். முதலில் பல்லைப் பார்ப்பார். வயது சரியென்றால் மடியைப் பார்ப்பார். மடி சரியென்றால் நடக்கவிட்டுப் பார்ப்பார். எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், எந்தப் பதிலுக்குப் பின் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர் நூறு மாடு வாங்கி, பத்து மாட்டில் ஏமாந்து கற்றுக்கொண்டிருப்பார்.

கணினியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. அதனிடம் ஒரு பெரிய அட்டவணை கொடுக்கப்படும். ஒவ்வொரு வரியும் ஆற்றின் ஓர் இடம். அந்த வரியில் உயரம், நீரின் வெப்பம், ஆழம், வேகம், சரிவு, அடியில் கல்லா சேறா, கரையில் மரம் உண்டா, மேலே காடா தோட்டமா என்று வரிசையாக அளவுகள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் குறிப்பிட்ட மீன் 'இருந்தது' அல்லது 'இல்லை' என்று இருக்கும். மீன் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் எந்தக் கேள்வி நன்றாகப் பிரிக்கிறது என்று கணினி ஒவ்வொன்றாகச் சோதிக்கும். 'கோடையில் நீர் 20 டிகிரிக்குக் கீழா?' என்பது நன்றாகப் பிரித்தால் அது முதல் கேள்வி. பிறகு அடுத்தது. இப்படிக் கிளை கிளையாகப் பிரியும் கேள்விகளுக்கு 'முடிவு மரம்' என்று பெயர்.

ஒரே மரத்தை நம்பினால் ஏமாறலாம். அதனால் அட்டவணையின் வெவ்வேறு பகுதிகளைக் கொடுத்து நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து, எல்லா மரங்களிடமும் ஓட்டு வாங்குவார்கள். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் லியோ பிரைமன் 2001-இல் வெளியிட்ட இந்த முறையை 'சமவாய்ப்புக் காடு' என்று சொல்லலாம். ஒருவர் தீர்ப்பைவிட ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்ப்பில் தவறு குறையும் அல்லவா, அதே கணக்கு. இன்னொரு முறையில், முந்தைய மரம் எங்கே தவறியதோ அதை மட்டும் திருத்தும்படி அடுத்த மரம் வளர்க்கப்படும்.

கற்ற பிறகு தேர்வு வைக்க வேண்டும். அட்டவணையின் ஒரு பகுதியைக் கணினிக்குக் காட்டாமல் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். ஒளித்து வைத்த இடங்களில் மீன் உண்டா இல்லையா என்று அது சொல்வதை உண்மையோடு ஒப்பிட்டால், உண்மையிலேயே கற்றதா, மனப்பாடம் செய்ததா என்று தெரிந்துவிடும்.

பிரான்சில் டிரவுட், நியூசிலாந்தில் விலாங்கு

ஆற்று மீனுக்கு இந்த வகைக் கணக்கைப் போட்ட முன்னோடிகளில் ஒருவர் பிரான்சின் சோவான் லெக். பிரனீஸ் மலையில் ஆறு நதிகளில் 205 துண்டு இடங்களை அளந்து, பழுப்பு டிரவுட் மீன் எங்கே முட்டையிடக் குழி பறிக்கும் என்று கணினியின் 'நரம்பு வலை' முறையில் கணித்து 1996-இல் அவர் குழு வெளியிட்டது. எட்டு அளவுகள்தான் கொடுத்தார்கள். அளவும் விளைவும் நேர்கோட்டில் போகாத இடங்களில் பழைய புள்ளியியல் சூத்திரத்தைவிட இது நன்றாக வேலை செய்தது.

உரம் போடும் விவசாயிக்கு இந்த நேர்கோட்டு விஷயம் தெரிந்ததுதான். ஒரு மூட்டை போட்டால் விளைச்சல் கூடும் என்பதற்காக ஐந்து மூட்டை போட்டால் ஐந்து மடங்கு கூடாது, பயிரே கருகும். நீரின் வேகமும் மீனுக்கு அப்படித்தான்.

நியூசிலாந்தில் குட்டைத் துடுப்பு விலாங்கு மீனுக்குச் செய்த கணக்கு 2008-இல் வெளியானது. 1,000 இடங்களின் விவரத்தில் கணினி கற்றது. தனியாக வைத்த 500 இடங்களில் அதற்குத் தேர்வு நடந்தது. எல்லா அளவுகளிலும் அதிகச் செல்வாக்குள்ளதாக வந்தது கோடைக்கால வெப்பம். கடலிலிருந்து எவ்வளவு தூரம், மேலே இயற்கைக் காடு எவ்வளவு மிச்சம் என்பவையும் பங்கு வகித்தன. மீனை எந்த முறையில் பிடித்தார்கள் என்பதையும் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். வலை போட்டவருக்குக் கிடைக்காத மீன் தூண்டில் போட்டவருக்குக் கிடைக்கலாம். 'கிடைக்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பினால் எவ்வளவு பெரிய கணினியும் தவறாகவே சொல்லும்.

யார் வந்ததால் யார் போனார்கள்?

மீனுக்கு இடம் மட்டும் போதாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நீலகிரி இதற்கு நல்ல பாடசாலை. 1860-களிலேயே டாக்டர் ஃபிரான்சிஸ் டே இங்கே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார். 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகத்தை நிறுவினார். 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை கொண்டுவரப்பட்டு ஊட்டி ஏரியில் விடப்பட்டது. சமவெளியில் 1952-இல் திலேப்பியா வந்தது. நம் மக்கள் 'ஜிலேபி' என்று சொல்லும் மீன் அதுதான். வானவில் டிரவுட், சாதாக் கெண்டை, மொசாம்பிக் திலேப்பியா மூன்றும் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கின்றன.

இதைவிடப் பெரிய பாடம் காவிரியில் நடந்தது. திமில் முதுகுள்ள மகசீர், அதாவது பூமீன் கெண்டை இனம், காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் மீன். 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, சுமார் 54 கிலோ எடை இருந்தது. 1970-களில் தொடங்கி, லோனாவாலாப் பொரிப்பகத்தில் உற்பத்தியான நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நல்லெண்ணத்தோடுதான் விட்டார்கள், ஆற்றில் மகசீர் பெருகட்டும் என்று.

கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோர் தூண்டில் முகாமில் அப்போது பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த இனம், என்ன எடை என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவேட்டில் 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள் இருந்தன. அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். நீலத்துடுப்பு மீன் பெருகியிருந்தது. திமில் மீன் எண்ணிக்கையில் சரிந்தது. ஆனால் பிடிபட்டவற்றின் சராசரி எடை ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

எடை கூடியதைப் பார்த்து 'மீன் நன்றாக வளர்கிறது' என்று மகிழ்ந்திருந்தால் அது பெரிய தவறு. இருந்த மீன்கள் வயதாகிக்கொண்டே போயின; குட்டி மீன் வரவில்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் போன்ற நிலை அது. 2018-இல் இந்த மீனின் சரியான அறிவியல் பெயர் உறுதி செய்யப்பட்டது. அதற்கு உதவிய மாதிரிகள் கிடைத்தது நீலகிரிக்கு வடக்கே ஓடும் மாயாற்றில். அதே ஆண்டு இந்த இனம் 'மிக அருகிவிட்டது' என்ற பட்டியலில் சேர்ந்தது. பவானிசாகரில் பவானியோடு சேரும் மாயாறு, இந்த மீனின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

காவிரி ஆய்வுக்கு இயந்திரக் கற்றல் தேவைப்படவில்லை. சாதாரணப் புள்ளியியலே போதுமானதாக இருந்தது. 15 ஆண்டு விடாமல் எழுதிய பதிவேடுதான் உண்மையைச் சொன்னது. பதிவேடு இல்லையென்றால் எந்தக் கணினியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கணினி தவறும் இடங்கள்

இரண்டு மீன் சேர்ந்து காணப்படவில்லை என்றால் ஒன்றை ஒன்று விரட்டுகிறது என்று கணினி சொல்லக்கூடும். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கேத்தியில் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவே தென்னை இல்லை. அதனால் தென்னையும் உருளைக்கிழங்கும் பகையா? இரண்டுக்கும் தேவையான தட்பவெப்பம் வேறு, அவ்வளவுதான். அதனால் முதலில் வெப்பம், உயரம், வேகம் போன்றவற்றின் பங்கைக் கழித்துவிட்டு, அதற்குப் பின்னும் இரண்டு மீன் ஒன்றையொன்று தவிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். அதிலும் கிடைப்பது சந்தேகம்தான், தீர்ப்பல்ல. ஒன்றை ஒன்று தின்கிறதா, இரையைப் பறிக்கிறதா என்று மீனின் வயிற்றையும் ஓடையையும் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

ஓர் ஊரில் கற்றதை இன்னோர் ஊரில் அப்படியே பயன்படுத்தவும் முடியாது. நியூசிலாந்து விலாங்கின் கணக்கு குன்னூர் ஆற்றுக்கு உதவாது. வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையத்தில் கோதுமைத் துரு நோயை ஆராய்கிறார்கள் என்றால், இந்த மலையில் அந்தப் பூஞ்சணம் எப்படி நடந்துகொள்கிறது என்று இங்கேயே பார்க்க வேண்டியிருப்பதால்தான். மீனுக்கும் அதே நியாயம்.

குன்னூர் ஆற்றுக்கு இப்படி ஒரு கணக்கு போட வேண்டுமானால் உச்சி ஓடைகள் முதல் மேட்டுப்பாளையம் வரை பல இடங்களில், கோடையிலும் மழைக்குப் பின்னும், ஒரே முறையில், பல ஆண்டுகள் அளக்க வேண்டும். மீன் இல்லாத இடங்களையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும்.

விவசாயி செய்யக்கூடியவை

கணக்குகள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணிகள் வெப்பம், சேறு, நிழல், தடை, அந்நிய மீன். இவற்றில் பல விவசாயியின் கையில் இருக்கின்றன.

- ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல் புல்லும் உள்ளூர் மரமும் விட வேண்டும். நிழல் நீரைக் குளிர்விக்கும். வேர் மண்ணைப் பிடிக்கும். கரை உடைந்து நிலம் போவதும் குறையும்.
- சரிவுக்குக் குறுக்கே பாத்தியும் வரப்பும் அமைக்க வேண்டும். மேல்மண் ஓடையில் இறங்கினால் கல் இடுக்குகள் அடைபடும். அங்கே இடும் முட்டை மூச்சு முட்டிச் சாகும். போன மண் உரம் போட்ட மண் என்பதையும் மறக்கக்கூடாது.
- கேரட் கழுவிய சேற்று நீரை நேராக ஓடையில் விடாமல் குழியில் தேக்கி, தெளிந்த பிறகு விட வேண்டும்.
- தேயிலைக் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் தாமிர மருந்தும், பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் மீனுக்குக் கடும் நஞ்சு. தெளிப்பானை ஓடையில் கழுவக்கூடாது. மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடலாம், மருந்தும் வீணாகாது.
- நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படியே குற்றம். ஒரு நாள் குழம்புக்காக ஒரு மைல் ஓடை செத்துப்போகும்.
- ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று தேதி, நீரின் வெப்பம், கலங்கலா தெளிவா, கண்ட மீன், பெரிதா குஞ்சா என்று எழுத வேண்டும். மீன் இல்லாத நாளில் 'இல்லை' என்று எழுதுவது மிக முக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள்.

கேள்வி – பதில்

*பண்ணைக் குட்டையில் ஜிலேபி விடலாமா?*

ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே முதிர்ந்து, குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பல முறை பெருகும். மழையில் குட்டை வழிந்தால் ஓடைக்குப் போய்விடும். பிறகு திரும்பப் பிடிக்க முடியாது. ஓடையோடு தொடர்புள்ள குட்டையில் விடவே கூடாது. மேம்படுத்தப்பட்ட திலேப்பியா வளர்க்க அரசின் அனுமதி தேவை. எந்த மீனை வளர்ப்பதானாலும் மீன்வளத்துறை அலுவலரைக் கேட்டுவிட்டு, குட்டையின் வழிவாய்க்குச் சிறு கண் வலை கட்டவும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது.

*டிரவுட் வளர்த்தால் லாபம் என்கிறார்களே?*

டிரவுட்டுக்கு ஆண்டு முழுவதும் 20 டிகிரிக்குக் கீழே, ஓடிக்கொண்டே இருக்கும் தெளிந்த நீர் வேண்டும். கோடையில் நீர் குறையும் ஓடையை நம்பி முதல் போட வேண்டாம். முதலில் ஓராண்டு நீரின் வெப்பத்தை எழுதிப் பாருங்கள். அதன் பிறகு முடிவு செய்யலாம். டிரவுட் பிற மீன்களைத் தின்னும் மீன் என்பதால் ஓடையில் விடக்கூடாது.

*வீட்டுக் கண்ணாடித் தொட்டி மீனை ஆற்றில் விட்டால் புண்ணியம்தானே?*

இல்லை. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி இப்படித்தான் தமிழகத்தின் நீர்நிலைகளில் புகுந்துவிட்டது. கொசுவுக்கென்று 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனும் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. வளர்க்க முடியாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

*நீரின் வெப்பத்தை எப்படி அளப்பது?*

சாதாரணக் கண்ணாடி வெப்பமானி போதும். உடல் காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது. நிழலில், ஓடும் நீரில், முழங்கால் ஆழத்தில் இரண்டு நிமிடம் வைத்து, நீருக்குள் இருக்கும்போதே படிக்கவும். காலை 7 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று. ஓராண்டு எழுதினால் உங்கள் ஓடை எந்த மீனுக்கு ஏற்றது என்று பாதி தெரிந்துவிடும். பத்தாண்டு எழுதிய நோட்டு இருந்தால், ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி உங்கள் வீட்டுக்கே வருவார்கள்.